ரெண்டு கீபோர்டு போதும்: நடுத்தர நிலை மாணவர்களுக்கு இரட்டைப் பியானோ இசை தேடிய கதை

போன மார்ச்சில் என் மகள் பியானோ வாசிப்பதை நிறுத்திவிட்டாள். வயசு 13. ட்ரினிட்டி தேர்வில் நாலாம் கிரேடு முடித்தவள். ஏம்மா என்று கேட்டால், "தனியாவே உக்காந்து வாசிச்சிட்டு இருக்கேன்ப்பா. யாரு கேக்குறா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வயலின் கற்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் மிருதங்கம் உண்டு. பாட்டுக் கற்கிற பிள்ளைகள் நாலு பேராய் உட்கார்ந்து பாடுவார்கள். கோயிலில் நாதஸ்வரம்கூட ரெண்டு ரெண்டாகத்தான் வருகிறது. பியானோ கற்கிற பிள்ளை மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அதிலும் ராமநாதபுரத்தில்.

அப்போதுதான் தங்கச்சிமடத்தில் இருக்கிற என் பள்ளித் தோழன் ஞாபகம் வந்தது. விசைப்படகுக்காரன். அவன் மகள் ப்ளஸ் டூ எழுதியிருந்தாள், தேவாலயத்தில் நாலு வருஷமாக கீபோர்டு வாசிக்கிறாள். போன் செய்தேன். "கூட்டிட்டு வா மாப்ள. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். 61 நாளும் நான் வீட்டுலதான் இருப்பேன்" என்றான். ஜூனில் அந்தப் பெண் சென்னைக்குக் கல்லூரிக்குப் போகிறாள். ஆக, கையில் இருந்தது இரண்டு மாதம். ரெண்டு பெண்கள், ரெண்டு கீபோர்டு. வாசிக்க ஏதாவது வேண்டும்.

அதைத் தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு. நான் இசைக்காரன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் தேடுவது நம்ம தொழில். கண்டுபிடித்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் நான் செய்த தப்பு

யூடியூபில் "ரெண்டு பியானோ" என்று தேடினால் வருவதெல்லாம் மலை உச்சி. மொசார்ட்டின் டி மேஜர் சொனாட்டா (கே.448), ரஹ்மானினாஃபின் இரண்டு தொகுப்புகள், பிராம்ஸின் ஹைடன் வேரியேஷன்ஸ், மியோவின் ஸ்காராமூஷ். கேட்க அவ்வளவு அழகு. நானும் அரென்ஸ்கியின் முதல் தொகுப்பில் வரும் வால்ஸைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூணாவது நாள் மகள் தாளை மடித்து மேசைக்கடியில் வைத்துவிட்டாள். தங்கச்சிமடத்துப் பெண் மரியாதைக்கு, "பாக்குறேன் மாமா" என்றாள். அதோடு சரி.

கே.448 பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நிறையப் பெற்றோர் இதைக் கேட்கிறார்கள். 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்வில் கல்லூரி மாணவர்களைக் கேட்க வைத்தது இந்தச் சொனாட்டாவைத்தான். அதைக் கேட்டபின், இடம்-வடிவம் சார்ந்த ஒரு தேர்வில் கொஞ்ச நேரத்துக்கு மதிப்பெண் கூடியது. பத்து, பதினைந்து நிமிஷத்தில் அந்த விளைவு போய்விட்டது. அதை வைத்துத்தான் 'மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும்' என்ற வியாபாரமே கிளம்பியது. மொசார்ட் இதை 1781-ல் எழுதியது மூளைக்காக இல்லை. யோசெஃபா ஆவர்ன்ஹாமர் என்ற திறமையான மாணவியோடு சேர்ந்து வாசிக்க. அந்த மாணவி கச்சேரி வாசிக்கிற அளவுக்குத் தேறியவர். நம்ம வீட்டு நாலாம் கிரேடுக்கு அது எட்டாது.

ஏன் நடுவில் ஒன்றுமே இல்லை?

ஒரு வாரம் தேடியபின் ஒன்று புரிந்தது. 'நாலு கை' இசையும் 'ரெண்டு பியானோ' இசையும் வேறு வேறு.

நாலு கை என்றால் ஒரே பியானோவில் ரெண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து வாசிப்பது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடுத்தரக் குடும்பத்து வீடுகளில் ஒரு பியானோ இருந்தது. அக்கா தங்கைகள் சேர்ந்து வாசித்தார்கள். பதிப்பாளர்களுக்கு அதுதான் சந்தை. அதனால் நாலு கை இசையில் எல்லா நிலைக்கும் மலைபோலக் குவிந்திருக்கிறது.

ரெண்டு பியானோ எந்த வீட்டில் இருக்கும்? அரண்மனையில், இசைக்கல்லூரியில், கச்சேரி மேடையில். அங்கே வாசிக்கிறவர்கள் தேர்ந்தவர்கள். இசையமைப்பாளர்கள் அவர்களுக்காகத்தான் எழுதினார்கள். நடுப்படி காணாமல் போனது இதனால்தான். காரணம் மரச்சாமான் சம்பந்தப்பட்டது. இசை சம்பந்தப்பட்டது கிடையாது.

இன்றைக்கு அந்தக் காரணமே தலைகீழாகிவிட்டது. எங்கள் கடற்கரையில் நிஜப் பியானோ வைப்பது வீண்வேலை. பாம்பன் பாலத்தை 1914-லிருந்து துரு எப்படித் தின்றது, எத்தனை தடவை பெயிண்ட் அடித்தார்கள் என்று இந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். பியானோவுக்குள்ளே இருப்பது இருநூறுக்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள். உப்புக்காற்றில் அதன் கதி என்னவாகும்? ஆனால் கீபோர்டு இல்லாத தேவாலயம் இந்தத் தீவில் அபூர்வம். சுருதி சேர்க்க வேண்டாம், ஆட்டோவில் ஏற்றலாம். ஐரோப்பிய நடுத்தரக் குடும்பத்துக்குக் கிடைக்காத 'ரெண்டு பியானோ' மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் சுலபமாகக் கிடைக்கிறது. வாசிக்க எழுத்துதான் இல்லை.

இல்லை என்று சொல்வதும் தப்பு. ஒளிந்திருக்கிறது. ஐந்து இடங்களில்.

இடம் 1: பியானோ பிறக்கும் முன்பும், பிறந்த புதிதிலும்

18-ஆம் நூற்றாண்டிலும் அதற்கு முன்னும் எழுதியவை மெல்லிய எழுத்து. கனமான கொத்துச் சுரங்கள் கிடையாது, பெடல் கிடையாது. பாதி, குருவும் சிஷ்யரும் வாசிக்க எழுதப்பட்டவை.

இதில் எங்களுக்குக் கிடைத்த புதையல் அந்தோனியோ சோலெர் (1729–1783). ஸ்பெயினில் எல் எஸ்கோரியல் மடத்துத் துறவி. தன்னிடம் கற்ற இளவரசர் கபிரியேலுக்காக ரெண்டு ஆர்கன்களுக்கு ஆறு கான்செர்ட்டோக்கள் எழுதினார். ஆர்கெஸ்ட்ரா கிடையாது, ரெண்டு வாத்தியம் மட்டும். ஒருவர் ஒரு வரி கேட்கிறார், அடுத்தவர் பதில் சொல்கிறார். பெரும்பாலானவற்றில் கடைசிப் பகுதி மினுவெட்; அது ஒரு மெட்டும் அதன் மாற்றுருவங்களும். எல்லா மாற்றுருவமும் வாசிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் கைக்கு எது வருமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

யோஹான் கிறிஸ்டியான் பாஹ் (பெரிய பாஹின் கடைசி மகன், லண்டனில் இருந்தவர்) எழுதிய ஜி மேஜர் சொனாட்டா, ஓபஸ் 15 எண் 5, அடுத்த படி. ஆறாம் கிரேடுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சரியாக வரும். எட்டு வயசு மொசார்ட் லண்டன் போனபோது இவரைப் பார்த்துத்தான் நிறையக் கற்றுக்கொண்டார். அந்தச் சாயல் கேட்டாலே தெரியும்.

மிகச் சிறியதாக ஒன்று வேண்டுமென்றால் ஜைல்ஸ் ஃபார்னபியின் 'ரெண்டு விர்ஜினல்களுக்கு'. ஃபிட்ஸ்வில்லியம் விர்ஜினல் புத்தகத்தில் இருக்கிறது. ரெண்டு விசைப்பலகைக்கென்று எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உருப்படிகளில் ஒன்று. ஒருவர் மெட்டை நேராக வாசிக்க, மற்றவர் அதே மெட்டுக்கு அணிசெய்து வாசிக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு நம்ம இரட்டை நாதஸ்வரம்தான் ஞாபகம் வந்தது.

இங்கே ஒரு பொறியாளர் குறிப்பு. மொசார்ட் காலத்துப் பியானோவில் ஐந்து ஆக்டேவ், 61 கட்டைகள். நம்ம தேவாலயத்துக் கீபோர்டிலும் 61 கட்டைகள்! ஆனால் ரெண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. பழைய பியானோ கீழே எஃப்-பில் தொடங்கும். இன்றைய 61 கட்டைக் கீபோர்டு அதற்கு மேலே உள்ள சி-யில் தொடங்கும். ஆக, அடியில் எஃப் முதல் பி வரை உள்ள சில சுரங்கள் மட்டும் நமக்கு இல்லை. அவை வரும் இடத்தில் ஒரு ஆக்டேவ் மேலே வாசித்தால் போதும். 19-ஆம் நூற்றாண்டு இசையை 61 கட்டையில் வாசிக்கப் பார்த்தால் ரெண்டு பக்கமும் இடிக்கும். பழைய இசைக்குப் போக இதுவே ஒரு நல்ல காரணம்.

இடம் 2: சேர்த்து எழுதிய இரண்டாம் பியானோ

முன்னாடியே தெரிந்த ஒரு தனி உருப்படிக்கு இன்னொருவர் இரண்டாம் பியானோ பகுதி எழுதிச் சேர்ப்பது. இதில் பெரிய பெயர் எட்வர்ட் க்ரீக். 1870-களில் மொசார்ட்டின் சில சொனாட்டாக்களுக்கு இப்படி இரண்டாம் பியானோ எழுதினார். அதில் கே.545-ம் உண்டு. பியானோ கற்கிற எல்லாரும் ஒருநாள் தொடுகிற சி மேஜர் சொனாட்டா, மொசார்ட்டே ஆரம்பநிலைக்காரர்களுக்கு என்று குறித்துவைத்தது. முதல் பியானோவில் மொசார்ட் எழுதியது எழுதியபடி. இரண்டாவதில் க்ரீகின் நார்வே குளிர். இரண்டாவது கொஞ்சம் கடினம், மூத்தவரிடம் கொடுங்கள்.

க்ளெமென்டியின் ஓபஸ் 36 சொனாட்டினாக்களுக்கும் இப்படிப் பலர் இரண்டாம் பியானோ எழுதியிருக்கிறார்கள். மூணாம் கிரேடு பிள்ளைக்கு இது வரம். தனக்கு ஏற்கெனவே தெரிந்த உருப்படி திடீரென்று கச்சேரி மாதிரி ஒலிக்கும்.

இடம் 3: பார்டோக்

ஹங்கேரியின் பேலா பார்டோக் தன் 'மிக்ரோகாஸ்மாஸ்' வரிசையில் 153 உருப்படிகளை ஆறு தொகுதிகளாக எழுதினார். தொடக்கநிலையிலிருந்து கச்சேரி நிலை வரை. இரண்டாம், மூன்றாம் தொகுதிகளில் 43, 44, 55, 68 ஆகிய நான்கு எண்களுக்கு அவரே இரண்டாம் பியானோ எழுதியிருக்கிறார். இரண்டு, மூணாம் கிரேடு விரல்களுக்கு, ஒரு பெரிய இசையமைப்பாளர், ரெண்டு பியானோவுக்கென்றே எழுதியது! இது பலருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் புத்தக அட்டையில் 'ரெண்டு பியானோ' என்று இருக்காது.

55-ஆம் எண் லிடியன் அடுக்கில் மும்மை. லிடியன் என்றால் பயப்பட வேண்டாம். நம்ம கல்யாணியின் சுரங்கள்தான். மகளின் பாட்டு டீச்சர் கேட்டுவிட்டு, "இது கல்யாணிதானே, ஏன் இப்படி ஓடுது?" என்றார்.

இடம் 4: மாணவர் கான்செர்ட்டோ

பியானோ கான்செர்ட்டோக்களை அச்சிடும்போது ஆர்கெஸ்ட்ரா பகுதியை இரண்டாம் பியானோவுக்குச் சுருக்கிப் போடுவது வழக்கம். அப்படியானால் ஒவ்வொரு கான்செர்ட்டோவும் ஒரு ரெண்டு-பியானோ உருப்படிதான். ஹைடனின் டி மேஜர், பாஹின் எஃப் மைனர் (பிடபிள்யூவி 1056) இரண்டும் ஏழு, எட்டாம் கிரேடு. கபலேவ்ஸ்கி தன் மூணாம் கான்செர்ட்டோவை 1952-ல் இளைஞர்களுக்கென்றே எழுதினார். சொஸ்தகோவிச் தன் மகன் மக்சீம் வாசிப்பதற்காக 1953-ல் எழுதிய கான்செர்ட்டினோ (ஓபஸ் 94) நேரடியாக ரெண்டு பியானோவுக்கு எழுதியது. இரண்டும் நடுநிலையின் மேல் விளிம்பு. ரெண்டு வருஷம் கழித்துத் தொடலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: இதில் ஒருவர் நாயகர், மற்றவர் ஆர்கெஸ்ட்ரா. சுருக்கிய ஆர்கெஸ்ட்ரா பகுதி பல இடங்களில் விரலுக்கு ஒத்துவராது. சமமான ரெண்டு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். ஆசிரியரும் மாணவரும் வாசிக்க நல்லது.

இடம் 5: நாலு கை இசையைப் பிரித்து வாசிப்பது

ஒரே பியானோவுக்கான நாலு கை இசையை ரெண்டு கீபோர்டில் வாசித்தால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. முழங்கை இடிக்காது, அவரவர் பெடல் அவரவருக்கு. டியாபெல்லியின் ஓபஸ் 149-ல் மேல்பகுதிக்காரர் ஐந்து சுர எல்லைக்குள்ளேயே வாசிக்கலாம். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஐந்து எளிய உருப்படிகள்', ஃபோரேயின் 'டாலி' தொகுப்பு, ஷூபர்ட்டின் மார்ஷ் மிலித்தேர், பிஸேயின் 'குழந்தை விளையாட்டுகள்' என்று படிப்படியாக ஏறலாம். கீழ்ப்பகுதிக்காரருக்கு அடிச்சுரங்கள் நிறைய வரும். 88 கட்டையை அவரிடம் கொடுங்கள். நாங்கள் முதல் வாரம் மாற்றிக் கொடுத்து முழித்தோம்.

ஐந்து நிமிஷப் பரிசோதனை

பதிப்பாளர் 'இன்டர்மீடியட்' என்று அட்டையில் போட்டால் நம்ப வேண்டாம், ஆளுக்கொரு அளவுகோல். ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம் 1 முதல் 9 வரை எண் கொடுக்கிறது. 4 முதல் 6 வரை நடுநிலை. அது ஓரளவு நம்பகம். எண் இல்லாதபோது நான் தாளில் பார்ப்பது இவ்வளவுதான்.

ஒன்று, ரெண்டு பேரும் எத்தனை தடவை மௌனத்திலிருந்து சேர்ந்து தொடங்க வேண்டும்? சுரங்கள் சுலபமாக இருந்தாலும் இதுதான் உயிரை எடுக்கும். ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றவர் வந்து சேர்வது சுலபம்.

இரண்டு, ஒரு கைக்கு எட்டு சுரத்துக்கு மேல் விரிகிற கொத்துகள் இருக்கின்றனவா? 13 வயசுக் கைக்கு அது எட்டாது.

மூன்று, மிகச் சிறிய சுரத்தைப் பிள்ளை நிதானமாக வாசிக்கிற வேகம் எது? அந்த வேகத்தில் மொத்த உருப்படியும் கேட்கும்படி இருக்கிறதா? சோலெரின் மினுவெட் மெதுவாக வாசித்தாலும் அழகு. அரென்ஸ்கியின் வால்ஸ் மெதுவாக வாசித்தால் கல்யாண வீட்டில் சாப்பாடு தாமதமான மாதிரி.

நாலு, மெட்டு ரெண்டு பேருக்கும் வருகிறதா? ஒருத்தி பூராவும் 'டும் டும்' வாசித்தால் மூணாம் நாள் சண்டை.

எங்கே கிடைக்கும்? ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகம் 2006 முதல் இருக்கிறது. அதில் 'இரண்டு பியானோவுக்கு' என்று தனிப் பிரிவு உண்டு, அதன் பக்கத்திலேயே 'பியானோ நாலு கை' என்ற பிரிவும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹார்ப்சிகார்டு, ஆர்கன் என்று தேடினால்தான் சோலெர் மாட்டுவார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் காப்புரிமை. அந்தக் கணக்கில் 1945-ல் மறைந்த பார்டோக் இங்கே பொதுவுடைமை. 1963-ல் மறைந்த பூலாங்கும் 2024 முதல். 1975-ல் மறைந்த சொஸ்தகோவிச்சுக்கு 2035 முடியக் காத்திருக்க வேண்டும், அதுவரை புத்தகம் வாங்குவதுதான் முறை.

வாங்கும்போது ஒன்று. ரெண்டு பியானோ இசையில் ரெண்டு பேர் பகுதியும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக அச்சாகியிருக்கும். அதனால் ரெண்டு பிரதி வேண்டும். சில பதிப்புகளில் ரெண்டும் சேர்ந்து வரும், சிலவற்றில் ஒன்றுதான் வரும். பார்த்து வாங்குங்கள்.

எங்கள் ரெண்டு பேருக்கு எது பொருந்தியது?

இனிமேல்தான் விஷயம். என் மகள் தாளைப் பார்த்து நன்றாக வாசிப்பாள். தாளை எடுத்துவிட்டால் கை நிற்கும். தங்கச்சிமடத்துப் பெண்ணுக்குத் தாள் அவ்வளவாக வராது. பாட்டுப் புத்தகத்தில் வரிக்கு மேலே எழுதிய கார்டு எழுத்துகளைப் பார்த்து, காதால் பிடித்து வாசிப்பாள். கிரேடு என்று கேட்டால், "அதெல்லாம் எழுதல மாமா" என்பாள். முதல் ரெண்டு ஞாயிறும் என் மகள் உள்ளுக்குள் தன்னை ஒருபடி மேலே நினைத்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

அதை உடைத்தவர் பெர்னார்தோ பாஸ்க்வீனி. இத்தாலிக்காரர். 1704 வாக்கில் ரெண்டு விசைப்பலகைக்கென்று 14 சொனாட்டாக்கள் எழுதினார். எழுதினார் என்றால், ரெண்டு பேருக்கும் அடிச்சுர வரி மட்டும், அதற்கு எண் குறிகள் மட்டும். மேலே வரும் இசையை வாசிக்கிறவர்களே அந்த நேரத்தில் உண்டாக்க வேண்டும். இந்த எண் குறி என்பது தேவாலயத்துக் கார்டு எழுத்துக்கு முன்னோடி, அவ்வளவுதான். நான் உட்கார்ந்து ஒரு சின்னப் பகுதியின் எண்களைக் கார்டு எழுத்துகளாக மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

தங்கச்சிமடத்துப் பெண் ஒரு தடவை பார்த்துவிட்டு ரெண்டு கையும் நிறைய வாசித்தாள். என் மகள் அடிச்சுரத்தோடு நின்றாள். மேலே என்ன வாசிப்பது என்று தாளில் இல்லையே! "அக்கா, மேல என்ன போடுறீங்க?" என்று கேட்டு, அவள் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கிரேடு பற்றிப் பேச்சு வரவில்லை.

கடைசியில் மே மாதக் கடைசி வாரம் தேவாலயத்தில் ஒரு சின்ன நிகழ்ச்சியில் மூணு உருப்படி வாசித்தார்கள். பார்டோக் 55. சோலெரின் ஒரு மினுவெட், நாலு மாற்றுருவங்களோடு. மூணாவது, முத்துசுவாமி தீட்சிதரின் ஒரு நோட்டுஸ்வரம். ஆங்கிலேய பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் அல்லவா, அவை. சங்கராபரணத்தில், அதாவது சி மேஜரில், சின்னச் சின்னதாக இருக்கும். 'காட் சேவ் தி கிங்' மெட்டில் அமைந்த 'ஸந்ததம் பாஹிமாம்' பலருக்குத் தெரியும். மெட்டை மகள் தாளில் எழுதிக்கொண்டாள். இரண்டாம் கீபோர்டை அக்கா காதால் அமைத்தாள். எழுதுவதற்கு மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும். நடுநிலைக்கு உருப்படி இல்லை என்று புலம்புவதைவிட இப்படி ஒன்று நாமே செய்துகொள்வது சுலபம்.

நடைமுறைக் குறிப்புகள்

ரெண்டு கீபோர்டிலும் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேவாலயத்தில் பாடகர் குரலுக்கு ஏற்ற மாற்றி வைத்திருப்பார்கள். நாங்கள் அரைமணி நேரம் "யாரு தப்பா வாசிக்கிறா" என்று சண்டை போட்ட பிறகுதான் அதைப் பார்த்தோம்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஒலி காற்றில் மூணு மீட்டர் போக ஏறக்குறைய 9 மில்லிசெகண்டு. அது யாருக்கும் தெரியாது. ப்ளூடூத் சுலபமாக 100, 200 மில்லிசெகண்டு தாமதிக்கும். விரல் ஒரு இடத்தில், சத்தம் ஒரு இடத்தில். வயர் போடுங்கள்.

ரெண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கலக்காமல், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் வையுங்கள். கேள்வி-பதில் இசைக்கு அப்போதுதான் அர்த்தம் வரும். பழைய இசைக்கு ஒருவர் ஹார்ப்சிகார்டு ஒலியும் மற்றவர் சின்ன ஆர்கன் ஒலியும் வைத்தால் யார் என்ன வாசிக்கிறார் என்று கேட்பவருக்குப் புரியும்.

முகம் பார்த்து உட்காருங்கள். மூச்சு இழுப்பதைப் பார்த்துத்தான் சேர்ந்து தொடங்க முடியும். கரண்ட் போனால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்கு ஒரு தடவை போனது, தோழன் போய் ஜெனரேட்டர் போட்டான்.

ஜூன் 14 முடிந்து படகுகள் கிளம்பின. அந்த வாரமே அந்தப் பெண்ணும் சென்னைக்குப் போய்விட்டாள். இணையத்தில் நேரலையாகச் சேர்ந்து வாசிக்கப் பார்த்தோம். தாமதம் விடவில்லை, ஆளுக்கொரு தாளத்தில் ஓடியது. இப்போது வேறு வழி. விடுதியில் யாரோ வைத்திருக்கும் கீபோர்டில் தன் பகுதியை மட்டும் வாசித்து, பதிவுசெய்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். தொடங்கும் முன் "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணுகிறாள், எங்கே சேர வேண்டும் என்று தெரிவதற்காக.

என் மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த எண்ணிக்கையைக் கேட்டு, தன் பகுதியைத் தொடங்குகிறாள். எங்களுக்கு ஒரு பாதிதான் கேட்கிறது. பரவாயில்லை, சுவரைப் பார்த்து உட்காருவது நின்றுவிட்டது.